வேலையிடத்தில் கொடுமைப்படுத்தினால் என்ன செய்வது? டெல்டா மாவட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஃபைனான்ஸ், நர்சிங் ஹோம், தனியார் பள்ளி, ரைஸ் மில் என்று ஏதோ ஓர் இடத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்கள். அங்கே மேலே இருக்கிற ஒருவர் உங்களைக் குறிவைத்துத் திட்டுகிறார். வாடிக்கையாளர் முன்னால் அவமானப்படுத்துகிறார். லீவு கேட்டால் மறுக்கிறார், சம்பளத்தில் கை வைக்கிறார். காலையில் கிளம்பும்போதே வயிற்றைப் பிசைகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் கவுண்டரில் இருந்தவள். வேலையை விட்ட பிறகு பாக்கிச் சம்பளமும் அசல் சான்றிதழ்களும் என் கைக்கு வந்து சேர்வதற்குள் படாத பாடு பட்டேன். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். மேலாளர் கொடுமைப்படுத்துகிறார் என்பதற்கென்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. ‘தினமும் திட்டுகிறார், நிம்மதி இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனால் எந்த அலுவலகத்திலும் ‘அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?’ என்றுதான் கேட்பார்கள். ஆனால் கொடுமை வெறும் திட்டாக மட்டும் இருப்பதில்லை. சம்பளப் பிடித்தம், கூடுதல் நேர வேலை, வார விடுமுறை மறுப்பு, சாதி சொல்லித் திட்டுவது, தொடுவது, மிரட்டுவது, திடீரென்று ‘நாளையிலிருந்து வராதே’ என்பது, இவற்றில் ஏதாவது ஒன்று கூடவே வரும். இவை ஒவ்வொன்றுக்கும் சட்டம் உண்டு, அலுவலகம் உண்டு, கெடுவும் உண்டு. உங்களுக்கு நடப்பதை இப்படிப் பிரித்து எழுதத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் தூக்கமும் உடம்பும்

புகார், மனு எல்லாம் அப்புறம். தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கடை வாசலைப் பார்த்தாலே படபடப்பு வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். செலவு கிடையாது.

போக முடியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் உதவி எண் 104-ம் இருக்கிறது.

மருத்துவரிடம் ‘தலைவலி, தூக்கமில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேலையிடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் அதைச் சீட்டில் குறித்தால், சிகிச்சைக்கும் உதவும், பின்னால் ஆவணமாகவும் நிற்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ஆண்கள் பலர் கடை அடைத்ததும் நேராக டாஸ்மாக் போகிறார்கள். அது மறுநாள் தூக்கத்தையும் கெடுக்கும், ‘குடிச்சிட்டு வந்தான்’ என்று எழுத அவர்களுக்கு ஒரு காரணத்தையும் கொடுக்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதை வேறு இடத்துக்கு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நம் பக்கத்து வீடுகளில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அந்த வேலை உங்கள் உயிருக்கு ஈடு கிடையாது.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை, உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்குரிய ஆறு மாத காலத்தில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ரொம்பப் பேர் இதைக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மட்டும் என்று நினைக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

40 பக்க நோட்டு போதும். கடையில் வைக்காதீர்கள், வீட்டில் இருக்கட்டும். அன்றன்று நடந்ததை அன்றன்றே, பேனாவால், பக்க எண் போட்டு எழுதுங்கள். என்ன உணர்ந்தீர்கள் என்பதைவிட என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். தேதி, கிழமை, நேரம், இடம், யார், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். உதாரணமாக இப்படி:

‘12.10.2025, ஞாயிறு. இரவு 9.40. முதல் தளம், பட்டுப் பிரிவு. ஸ்டாக்கில் ஒரு புடவை குறைகிறது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் “பையைக் கொட்டிக் காட்டு, எத்தனை நாளா நடக்குது இது” என்றார். பையில் டிபன் பாக்ஸ், குடை, பர்ஸ் மட்டும். வாடிக்கையாளர் இரண்டு பேர், பில்லிங்கில் இருந்த அக்கா, பேக்கிங் தம்பி பார்த்தார்கள். 10.25 வரை நிற்க வைத்தார். வலங்கைமான் கடைசி பஸ் போய்விட்டது. அண்ணன் வண்டியில் வந்து அழைத்துப் போனார்.’

இந்த ஒரு பத்தியில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். திருட்டுப் பழி, சாட்சிகள், கூடுதல் நேரம், இரவில் ஒரு பெண்ணைப் பேருந்து தவறும்படி நிறுத்தி வைத்தது. ‘ரொம்ப அவமானப்படுத்திவிட்டார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இதில் எதுவுமே பதிவாகியிருக்காது.

நோட்டுக்குத் துணையாக நிற்கும் சின்னச் சின்ன ஆதாரங்களையும் சேருங்கள். பேருந்து நடத்துநர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கும். மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டும் அப்படித்தான், கீழே போட்டுவிடாதீர்கள். அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்கு ‘லேட் ஆகும்’ என்று அனுப்பிய மெசேஜ், இரவு அண்ணனுக்குச் செய்த கால், எல்லாமே நேரத்துக்குச் சாட்சி.

வாட்ஸ்அப் குரூப்பில் திட்டினால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். புகார் கொடுத்த மறுநிமிடமே குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். குரல் பதிவு இருந்தால், பதிவு செய்த போனையே பத்திரமாக வைத்திருங்கள், விற்கவோ மாற்றவோ வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் பேசிய உரையாடலை மட்டும் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் பேசுவதை ஒளித்துவைத்துப் பதிவு செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

கோபத்தில் எதையும் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள், ஃபேஸ்புக்கில் கடைப் பெயரைப் போட்டு எழுதாதீர்கள். எவ்வளவு நியாயமான கோபமாக இருந்தாலும், அடுத்த வாரம் அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். பேச்சு அதிலேயே திரும்பிவிடும்.

3. காகிதங்களைச் சத்தமில்லாமல் சேருங்கள்

வாய் திறப்பதற்கு முன்பே இவை வீட்டில் இருக்க வேண்டும்: நியமனக் கடிதம், அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு அல்லது சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக் பக்கங்கள், வருகைப் பதிவு போட்டோ, இ.எஸ்.ஐ. எண், யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். கணக்கு எண், பி.எஃப். பாஸ்புக்.

நியமனக் கடிதமே கிடையாது என்பதுதான் நம் ஊர்க் கடைகளில் பாதிப் பேரின் நிலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் தருவது கட்டாயம் என்று இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் சண்டை வேண்டாம். சம்பளம் வங்கியில் ஏறுகிறது என்றால் அதுவே வலுவான ஆதாரம். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் வாங்கிய அன்றே நோட்டில் எழுதுங்கள். சீருடை, கடை ஆண்டு விழா போட்டோ, மேலாளர் வேலை சொல்லி அனுப்பிய மெசேஜ், எல்லாமே நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சிதான்.

இங்கே மூன்று இடங்களில் சிக்கிக்கொள்வார்கள்.

ஒன்று, அசல் சான்றிதழ். பள்ளிகளிலும் நர்சிங் ஹோம்களிலும் ‘வெரிஃபிகேஷனுக்கு’ என்று வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்ன, வளையலா செயினா, அடகு வைக்க? வேலை நடக்கும்போதே ‘பேங்க் லோனுக்குக் காட்ட வேண்டும்’, ‘அரசுத் தேர்வுக்குச் சரிபார்ப்பு’ என்று உண்மையான ஒரு தேவை வரும்போது எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடுங்கள். இன்னும் கொடுக்காதவர்கள் நகல் மட்டும் கொடுங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ‘இன்னின்ன அசல் பெற்றுக்கொண்டோம்’ என்று சீல் போட்டு ரசீது வாங்குங்கள்.

இரண்டு, வெற்றுத்தாள் கையெழுத்து, வெற்று காசோலை. ஃபைனான்ஸ் கம்பெனிகளில் சேரும்போதே கேட்பார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் காசோலை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை விடும்போது அவற்றைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்று, தீபாவளி அட்வான்ஸ். இது நம் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கயிறு. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அவர்கள் கணக்கில் மட்டும் இருக்கும். உங்கள் நோட்டிலும் ஏற்றுங்கள். ‘சார், என் அட்வான்ஸ் பாக்கி இன்றைக்கு எவ்வளவு?’ என்று ஒரு மெசேஜ் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

4. நடப்பதைப் பிரித்து எழுதுங்கள்

நோட்டில் நான்கைந்து வாரம் சேர்ந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் அது என்ன வகை என்று குறியுங்கள்.

சம்பளம், பிடித்தம்: மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். அபராதம் என்று பிடித்தால், விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. சரக்கோ பணமோ குறைகிறது, ஷார்ட்டேஜ் என்று பிடித்தால், அந்த நஷ்டம் உங்கள் கவனக்குறைவால்தான் வந்தது என்று காட்ட வேண்டும், உங்கள் பதிலையும் கேட்க வேண்டும். ‘ஃப்ளோரில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கு 500’ என்று பங்கு போடுவது இதில் வராது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

நேரம், விடுமுறை: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 கடை ஊழியர்களுக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை.

உட்காரும் உரிமை: 2021-இல் இதே சட்டத்தில் சேர்த்த திருத்தத்தின்படி ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்கார விடாமல் காலையிலிருந்து இரவு வரை நிற்க வைப்பது வெறும் கெடுபிடி இல்லை, சட்டமீறல். கால் வீங்கிப்போய் வீடு திரும்பும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலியல் தொல்லை: தொடுவது மட்டும் இல்லை. இரட்டை அர்த்தப் பேச்சு, ராத்திரி மெசேஜ், ‘சொன்னபடி நடந்துக்கோ, இன்சென்டிவ் தர்றேன்’ என்பது எல்லாமே வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும். இதற்குக் கெடு 3 மாதம், கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். மற்ற எதையும் ஆற அமரச் செய்யலாம், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சாதி சொல்லித் திட்டுவது: பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர், சொன்னவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால், பிறர் முன்னிலையில் நடந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை எழுதச் சொன்னது இதற்காகவும்தான். உதவி எண் 14566.

மிரட்டல், அடி: இது போலீஸ் விஷயம்.

வேலைநீக்கம்: கடையில் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் இல்லை என்றால் ஒரு மாதச் சம்பளம். இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள் என்பதால் உடனே கிளம்ப வேண்டும்.

இதில் எதிலுமே வராத பதிவுகளும் மிஞ்சும். முகத்தைத் திருப்பிக்கொள்வது, வேண்டுமென்றே தனியாகச் சாப்பிட வைப்பது, பட்டப்பெயர் வைப்பது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் மனுவின் தலைப்பில் இவை வரக் கூடாது. உள்ளே ஒரு பத்தியில், எத்தனை மாதமாக நடக்கிறது என்பதோடு வந்தால் போதும்.

5. உள்ளே எழுத்தில் கொடுங்கள்

மேலாளர்தான் பிரச்சினை என்றால் முதலாளிக்கு அல்லது ஹெச்.ஆருக்கு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி போட்ட மூன்று சம்பவங்கள், உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளில் பதில் வேண்டும். ‘என் வாழ்க்கையே நாசமாகிவிட்டது’ என்பதைவிட ‘12.10.2025 அன்று பிடித்த 500 ரூபாயைத் திருப்பித் தரவும், என்னை வேறு தளத்துக்கு மாற்றவும்’ என்பதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும்.

நேரில் கொடுத்தால் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். போட மாட்டார்கள். அப்போது தபாலில் அனுப்பிவிடலாம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் டெலிவரி சான்றும் வேண்டும் என்று கேளுங்கள். 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் அடித்து வையுங்கள்.

அதன்பின் கெடுபிடி கொஞ்சம் கூடத்தான் செய்யும். கூப்பிட்டுக் கத்தினால் வாக்குவாதம் செய்யாதீர்கள். ‘சார், எழுத்தில் கொடுங்க, பதில் தர்றேன்’ என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடைகளில் ஒரு பழைய உத்தி உண்டு. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ‘திருட்டு கேஸ் போடுவேன், மரியாதையா இதில் கையெழுத்துப் போட்டுட்டுப் போ’ என்பார்கள். போடாதீர்கள். வலுக்கட்டாயமாக வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கே அல்லது மறுநாளே ‘இன்ன நேரத்தில் மிரட்டி வாங்கிய கையெழுத்து, என் விருப்பப்படி போட்டது இல்லை’ என்று ஸ்பீட் போஸ்டில் முதலாளிக்கும், நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

6. வெளியே எங்கே போவது

சம்பளம், நேரம், விடுமுறை, இருக்கை: மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். கட்டணம் கிடையாது. மனு இரண்டு நகல், ஆதார் நகல், வேலை பார்த்ததற்கான ஆதாரம், பாக்கிக் கணக்கு ஒரு தாளில். தபால் பிரிவில் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அதிகாரிகள் ஆய்வுக்கு வெளியே போய்விடுவார்கள், அதனால் காலை பத்து மணிக்கே அங்கே இருப்பது நல்லது. முதலாளி தரப்புக்கு நோட்டீஸ் போகும். முதல் வாய்தாவுக்கு அவர்கள் வராமல் இருப்பது சகஜம். நீங்கள் ஒன்றுகூடத் தவறவிடாதீர்கள், நீங்கள் வராத நாளில்தான் அவர்கள் வருவார்கள். சம்பளப் பாக்கியைக் கேட்க 3 வருடம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் சாட்சிகள் அத்தனை நாள் அதே கடையில் இருக்க மாட்டார்கள்.

வேலைநீக்கம்: இதே அலுவலகத்தில் கேட்டால் எந்த அதிகாரியிடம் மேல்முறையீடு, எந்த அதிகாரியிடம் சமரசம் என்று சொல்வார்கள். அங்கே முடியாவிட்டால் தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் இருக்கிறது, நம் பக்கத்துக்கு எது என்று அங்கேயே கேளுங்கள். உங்கள் பதவிக்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்து ‘இவர் தொழிலாளியே இல்லை’ என்று வாதாடுவார்கள். பெயரைவிடச் செய்த வேலைதான் கணக்கு என்பதால், தினமும் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த வழி கிடையாது. அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. நீங்கள் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் போக வேண்டும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் ஆசிரியர்களுக்கும் உண்டு.

பாலியல் தொல்லை: 10 பேரோ அதற்கு மேலோ ஊழியர்கள் உள்ள எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அதற்குக் குறைவான இடம், அல்லது முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்ட உள்ளூர் புகார் குழு. ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேளுங்கள். புகார் 6 நகல், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்டு வாங்கலாம். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். இணையத்தில் ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசின் புகார்த் தளம் வழியாகவும் கொடுக்கலாம். மகளிர் உதவி எண் 181.

போலீஸ்: காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ‘நாளைக்கு வாங்க, பேசி முடிச்சிடலாம்’ என்று அனுப்பினால், எஸ்.பி. அலுவலகத்துக்கு அதே புகாரைத் தபாலில் அனுப்பலாம்.

எங்கேயும் அசையவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவுக்கு எண்ணோடு ரசீது தருவார்கள், மனு சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் திரும்பப் போகும். அதனால் துறையில் கொடுத்த மனுவின் முத்திரை நகலை இணைத்துக் கொடுங்கள், முதல் மனுவாக இங்கே போகாதீர்கள். ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பல நேரம் அந்த ஒரு கேள்விக்கே கோப்பு நகரும்.

வக்கீல் வேண்டும், பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். எண் 15100. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. போன்ற தொழிற்சங்கங்களுக்கு நம் மாவட்டங்களில் நல்ல வேர் உண்டு. உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள், மனு எழுதிப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள். அலுவலக வாசலில் நின்று ‘வர்ற பணத்தில் எனக்கு இத்தனை’ என்று பேரம் பேசுகிறவரிடம் மட்டும் மாட்டாதீர்கள்.

7. விடுவது என்று முடிவு செய்தால்

விடுவது தோல்வி இல்லை. வீட்டில் ‘எங்க போனாலும் இதேதான், பொறுத்துப் போ’ என்பார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை. நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஆனால் கோபத்தில் சாவியை வீசிவிட்டு வராதீர்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் ‘தானாகவே ஓடிப்போனார்’ என்று எழுதிவிடுவார்கள். ஆடி மாதம் வேலை தேடுவது கஷ்டம், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு கடைகளில் ஆள் எடுப்பார்கள். முடிந்தால் அதைப் பார்த்து விடுங்கள். இரண்டு மாத வீட்டுச் செலவு கையில் இருந்தால் மனம் தைரியமாக இருக்கும்.

ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதச் சொல்வார்கள். புகார் நடந்துகொண்டிருந்தால் அப்படி எழுதாதீர்கள், அந்த இரண்டு வார்த்தையை வைத்தே உங்கள் புகாரை மூடிவிடலாம். ‘இன்ன தேதியிட்ட என் புகாருக்கு நடவடிக்கை இல்லாததால்’ என்று எழுதுங்கள். கடைசி வேலை நாள், சம்பளப் பாக்கி, அசல் சான்றிதழ்கள், காசோலை எண்கள், அனுபவச் சான்று, எல்லாம் அதே கடிதத்தில் வரிசையாக. ஒப்படைத்த சாவி, சீருடை, போன், கேஷ் கணக்குக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கு 2 வேலை நாளில் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். நடைமுறையில் ‘அடுத்த மாசம் வாங்க’ என்பார்கள். இரண்டாவது முறை அலைவதற்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் பதில் இல்லையா, உதவி ஆணையர் அலுவலகம்தான். ‘முழுப் பணமும் பெற்றேன், எந்தப் புகாரும் இல்லை’ என்ற தாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து. 5 வருடம் முடித்தவர்கள் பணிக்கொடையையும் கேளுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்கினால் வரும் தொகை.

8. புது வேலைக்குப் போன பிறகு

பழைய இடத்துக்குப் போன் செய்து விசாரிப்பார்கள் என்று பயப்படுவது இயல்பு. நேர்காணலில் பழைய கதையைச் சொல்ல வேண்டாம், ‘நேரம் ஒத்துவரவில்லை’ என்பது போதும். விசாரிக்கக் கேட்டால் உங்களோடு வேலை பார்த்து இப்போது வேறிடத்தில் இருக்கும் சீனியர் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

பி.எஃப்.-ஐ மறந்துவிடாதீர்கள். பழைய முதலாளி வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டால் பணத்தை எடுக்கவும் முடியாது, புதுக் கணக்குக்கு மாற்றவும் சிக்கல் வரும். கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.-யை வைத்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்துவிடலாம். ஒருமுறை போட்டால் மாற்றுவது கஷ்டம், அதனால் ராஜினாமாக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலுள்ள கடைசி வேலை நாளையே போடுங்கள்.